மாப்பிள்ளை உட்கார்ந்தாச்சா

"உங்க கீபோர்டை நாலு நாளைக்குக் கொடுங்கம்மா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு மேல ஒரு சின்ன லைட் போடுறோம்" என்று சார் போனில் சொன்னபோது, நான் ஓசூரில் ஒரு மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் மகளின் இடது கையைத் தலையணைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை தாழ்ந்தால் கட்டுக்குள் விண்விண் என்று தெறிக்கும், உயரமாகவே வைத்திருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

சார் எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தை நடத்துகிறவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புத்தகக் காட்சியில் ஓர் அரங்கு முழுக்க, இந்தப் பக்கத்து எழுத்தாளர்களின் பேனா, டைப்ரைட்டர், லேப்டாப் எல்லாவற்றையும் வைக்கப் போகிறாராம்.

"கூடவே பத்து வரி எழுதிக் கொடுத்துடுங்க. இந்தக் கருவி எப்படி உங்க உடம்புலயே ஒரு உறுப்பா ஆயிடுச்சுன்னு. போன கூட்டத்துல அழகாச் சொன்னீங்களே, அதையே."

அப்புறம் பேசுகிறேன் சார் என்று வைத்துவிட்டேன். உறுப்பு என்ற அந்தச் சொல் சோற்றில் வந்த முடி மாதிரி நாக்கில் கிடந்தது. துப்பவும் முடியவில்லை.

"யாரும்மா?" என்றாள் மகள்.

"இலக்கிய வட்டத்து சார். என் கீபோர்டு வேணுமாம்."

"ஏன், அவரு வீட்ல இல்லையா?"

மயக்க மருந்து முழுக்கத் தெளியாத குரலில் அவள் அதைக் கேட்டாள். சிரித்திருக்க வேண்டும். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

என் மகள் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தாள். தரம் பார்க்கிற வேலை என்று சொல்லி எடுத்தவர்கள், ஆள் குறைகிறது என்று தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் நிற்க வைத்தார்கள். அந்த மிஷினில் இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது அல்லவா. எங்கோ ஒருவர் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் விரல்களை நினைத்துப் பார்த்து அதைச் செய்திருக்கிறார்.

இடது பட்டனின் இடுக்கில் ஒரு மரச்சீவலைச் செருகி அழுத்தி வைத்துவிட்டால் இடது கை சும்மாவாகிவிடும். அது தகட்டை எடுத்து வைக்கும். வலது கை பட்டனை அமுக்கும். வேலை வேகமாக நடக்கும். அந்த மரச்சீவலுக்கு அந்த லைனில் மாப்பிள்ளை என்று பெயர். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒரு வேலையும் செய்யாது, அது இல்லாமல் எதுவும் நடக்காது, அதனால் மாப்பிள்ளை. ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் லைனில் நடந்தபடியே கேட்பாராம்: "மாப்பிள்ளை உக்காந்தாச்சா?" உக்காந்தாச்சு சார் என்று எல்லோரும் சொல்வார்களாம்.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். விளக்கியதில்லை. லைனில் எந்தப் பையனையோ கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யார் அந்தப் பையன், எந்த ஊர், தளிப் பக்கமா, கன்னடம் பேசுகிறவனா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். எனக்கு இருந்த கவலை அவ்வளவுதான். பெண்ணைப் பெற்றவள் பையனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அது ஒரு மரச்சீவல்.

இடது ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் போய்விட்டது. கையுறையோடு சேர்த்து அதை ஒரு பால் கவரில் போட்டு, கேன்டீன் ஐஸைச் சுற்றிலும் திணித்துக் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டர் திறந்து பார்த்து உடனே மூடினார். நசுங்கிவிட்டது, ஒட்டாது என்றார். அன்றிலிருந்து வீட்டில் நான் பால் கவர் வெட்டுவதில்லை. என் கணவர்தான் வெட்டி ஊற்றுகிறார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

போன விரல் போனதுதான். அது யாரால் போனது என்று ஒரு தாளில் எழுதுவார்களே, அதில் அவள் பெயர் வந்துவிடக் கூடாது. அந்த ஒரு பயம்தான் எனக்கு மிச்சம் இருந்தது.

அந்தத் தாள் மறுநாளே வந்தது. சூப்பர்வைசர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், இரண்டு பாஷையும் கலந்து பேசுவார்.

"ஊட்டா ஆய்த்தாம்மா, சாப்டாச்சா? டென்ஷன் தகோபேடி, பயப்படாதீங்க. பாப்பா ஸ்மார்ட்டு. ஆனா கொஞ்சம் அவசரக் கை. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கேளுங்க."

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஒரு சைன் மட்டும். ரிப்போர்ட் அனுப்பணும் இல்லையா, ஆபீஸ்ல கேக்கறாங்க."

அழகாக டைப் செய்த தாள். பணியாளர் பாதுகாப்பு விதிகளை மீறி, தன் கவனக்குறைவினால் விபத்துக்கு உள்ளானார் என்று இருந்தது. நான் வேலைக்குப் போன காலம் முழுக்க டைப் அடித்தவள். எழுத்து, இடைவெளி, ஓரம் எல்லாம் ஒழுங்காக இருந்ததை முதலில் கவனித்தேன். அந்த ஒழுங்கைக் கவனித்த என் கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

"சார், மாப்பிள்ளையை யார் உக்கார வைக்கச் சொன்னது?" என்றாள் மகள், கூரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"யார் சொன்னாங்க பாப்பா? கட்டை வைன்னு நான் எப்பவாவது சொன்னேனா? ஒரு தடவை? சும்மா தமாஷுக்குக் கேக்கறது அது."

அவர் சொன்னது உண்மை. கட்டையை வை என்று அவர் சொன்னதே இல்லை. மாப்பிள்ளை உட்கார்ந்தாச்சா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். அந்தச் சொல் எதற்காகப் பிறந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்லாமலே சொல்லி வைக்க ஒரு பெயர் வேண்டும். இந்த வேலையை எழுதுகிறவர்களும் செய்கிறோம், நல்ல பெயர் என்று பாராட்டும் வாங்குகிறோம்.

போகும்போது அவரே ஒரு தகவலும் சொன்னார். அன்றைக்கே மிஷினுக்கு எலுமிச்சம்பழம் வெட்டி, குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த ஷிப்டை ஓட்டினார்களாம். "பயப்பட வேணாம், பூஜை ஆயிடுச்சு." விரலைத் தின்ற வாய்க்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பொட்டைப் பற்றிக் கேட்டதும் எனக்குப் போன சரஸ்வதி பூஜைக்கு இலக்கிய வட்டம் போட்ட கூட்டம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தலைப்பே எழுதுகருவிகள்தான். மேஜைமேல் எல்லோரும் அவரவர் பொருளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. சார் தன் பழைய டைப்ரைட்டரைப் பட்டுத் துணியால் துடைத்துவிட்டு, இதன் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு ஒரு வரி வராது என்றார். அதில் ரிப்பன் மாட்டி வருஷக்கணக்காகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கவிஞர், பச்சை மையில்லாமல் கையெழுத்துக்கூடப் போட மாட்டேன் என்றார். ஒரு நாவலாசிரியர் தன் லேப்டாப்பைத் தளிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குளிரில் வைத்து எழுதுவாராம். லேப்டாப்பைக் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் சொன்னார். "பொண்டாட்டிகூட அட்ஜஸ்ட் பண்ணிக்குவா, இவ பண்ணிக்க மாட்டா" என்றபோது சிரிப்பு அடங்கவே நேரமானது.

நானும் பேசினேன். கிருஷ்ணகிரியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் கற்றுக்கொண்ட விரல்கள் இவை, இன்றைக்கும் அந்தப் பழைய வரிசையில்தான் ஓடுகின்றன, வேறு எதிலும் எழுத வராது என்றேன். என் கீபோர்டில் எழுத்துகள் எல்லாம் தேய்ந்துபோய் வெறும் கறுப்புக் கட்டைகள்தான் மிச்சம், என்னைத் தவிர யாராலும் அதில் ஒரு வார்த்தை அடிக்க முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். ஷிப்ட் சாவி அழுந்தினால் எழாமல் கிடந்தது, தேன்கனிக்கோட்டை பஸ் டிக்கெட் ஒன்றை மடித்து அதன் அடியில் செருகினேன், இன்றுவரை அதுதான் அதற்கு ஊன்றுகோல், அது என் பதினோராவது விரல் என்றேன். கை தட்டினார்கள். எனக்கும் இனித்தது.

பதினோராவது விரலாம்.

மருத்துவமனையிலிருந்து மகளைக் கூட்டிவந்த அன்று என் நாத்தனார் போன் செய்தாள். அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இனிமே மாப்பிள்ளை பாக்கறப்போ சொல்லணுமே, அண்ணி" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அத்தை, ஒரு மாப்பிள்ளையால போனது போதும்" என்றாள் மகள்.

நாத்தனாருக்குப் புரியவில்லை. என்ன பேச்சு பேசுகிறாள் இவள் என்று பதறி, என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள்.

என் கணவர் வேறு ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம், நிலத்தைவிட நிச்சயமானது என்று கம்பெனிக்கு வந்தவர். அவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்தார்.

"போட்டுடலாமா? இதைப் பெருசு பண்ணிக்கினு போனா, இந்த ஏரியாவுல எவன் வேலை கொடுப்பான்? பேரு எல்லா கம்பெனி கேட்டுக்கும் போயிடும்."

"பேரு இப்பவே போவுதுப்பா. கவனம் இல்லாதவள்னு" என்றாள் அவள்.

நான் இரண்டு பக்கமும் பயந்தேன். கையெழுத்துப் போட்டால் வாழ்க்கை முழுக்க அது அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். போடாவிட்டால் அவளை இன்னும் என்னவெல்லாம் செய்வார்களோ. சாப்பாட்டுத் தட்டை அவள் இடது கையால் பிடிக்கும்போது கட்டு போட்ட விரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அரசு அலுவலகத்துக்கு அவளே எழுதுவது என்று முடிவானது. முடிவெடுத்தது அவள்தான். வலது கை நன்றாக இருக்கிறதே, கையால் எழுதிக் கொடு என்றேன்.

"அவங்க டைப் அடிச்சுக் குடுத்திருக்காங்க. நாம கையால எழுதினா அழுதுக்கினு எழுதின மாதிரி இருக்கும். நீ அடி. நான் சொல்றேன்."

கீபோர்டை எடுத்து மேஜையில் வைத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு மருத்துவமனையில் கிடந்த நாட்களில் எறும்பு ஏறியிருந்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். பிஸ்கட் தூள், நரைமுடி, பல்லி எச்சம், ஒரு கரப்பான் கால், மஞ்சளாகிப்போன ஒரு நகத்துண்டு எல்லாம் விழுந்தன. சாம்பல் மாதிரி மெல்லிய தூள் ஒன்றும் கொட்டியது. அது என் விரல்களிலிருந்து வருஷக்கணக்காக உதிர்ந்த தோல். உடம்பின் உறுப்பு என்று நான் மேடையில் சொன்னதெல்லாம் இதுதான். வழித்துக் குப்பையில் போட்டேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.

மகள் அந்த டிக்கெட் செருகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க லைன்லயும் இப்படித்தான் செருகியிருக்கும்" என்றாள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உன்னுது எழுந்திருக்கறதுக்கு வச்சது. அது எழுந்திருக்க விடாம இருக்க வச்சது. ரெண்டும் வேறம்மா. சும்மா உக்காந்து அழாத. அடி."

இருந்தாலும் நான் டிக்கெட்டைப் பிடுங்கிப் போட்டேன். சாவி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. ஷிப்ட் வேண்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் அழுத்தி, பிறகு நகத்தால் நெம்பி எடுத்து, அப்படித்தான் அடித்தேன்.

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். கொஞ்ச நேரத்தில் திரையை எட்டிப் பார்த்தாள்.

"'இரக்கமற்ற இரும்பு வாய்'னு நான் எப்ப சொன்னேன்?"

"சும்மா, ஒரு இதுக்கு..."

"எடும்மா. கதை எழுதாத. அச்சு இறங்கியதுன்னு போடு."

எடுத்தேன். அடுத்து அந்த இடம் வந்தது. ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர், மாப்பிள்ளை உட்கார்ந்தாச்சா என்று கேட்பார் என்று அவள் சொன்னாள். நான் மரத்துண்டு என்று அடித்தேன்.

"மாப்பிள்ளைன்னு போடு."

"அரசாங்க ஆபீஸ்டி. சிரிப்பாங்க. விளையாட்டா எழுதியிருக்கான்னு தூக்கிப் போட்டுடுவாங்க. இடது பட்டனில் மரத்துண்டு செருகச் சொன்னார்னு தெளிவா எழுதலாம்."

"அவரு சொல்லலையே. அப்படி எழுதினா நாம பொய் சொன்னதாயிடும். அவரு கேட்டது மாப்பிள்ளைதான். டெய்லி கேட்டாரு. அவரு என்ன கேட்டாரோ அதைப் போடு. அர்த்தம் அடுத்த வரியில நான் சொல்றேன்."

நானும் எழுதத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியவள்தான். பத்திரிகைகளில் என் கதைகள் வந்திருக்கின்றன. அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்கு வழியில்லாமல் இருந்தது. மாப்பிள்ளை என்று அடித்தேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கும்போது சார் வாசலில் நின்றார். அட்டைப் பெட்டியும் பபிள் கவரும் கொண்டுவந்திருந்தார். மகளின் கையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார். வேறு நாளில் வருகிறேன் என்று திரும்பியவர், மேஜையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அந்த டிக்கெட் எங்கம்மா? அதுதான் இதுல சுவாரஸ்யமே. பாக்கறவங்க அதைத்தான் ரசிப்பாங்க."

குப்பைக் கூடையைக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்த்தார். பல்லி எச்சத்துக்கும் என் தோலுக்கும் நடுவில் அது கிடந்தது. எடுக்கவில்லை.

"கீபோர்டு இப்போ தர முடியாது சார். வேலை இருக்கு."

"புதுக் கதையா?"

"இல்லை சார்" என்றாள் மகள். "என் ஆக்சிடெண்ட் ரிப்போர்ட்டு. படிக்கறீங்களா?"

அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த பபிள் கவர்தான் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பிளாஸ்டிக் கட்டை அடிபடாமல் போய்ச் சேர எவ்வளவு ஜாக்கிரதை.

அலுவலகத்துக்கு நானும் அவளும் போனோம். அதிகாரி சிறிய வயதுக்காரர். படித்துக்கொண்டே வந்தவர், நான் பயந்த இடத்தில் நிறுத்தினார். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"மாப்பிள்ளைன்னா யாரும்மா?"

"அடுத்த வரியில இருக்கு சார்" என்றாள் மகள்.

அடுத்த வரியைப் படித்தார். சிரிப்பு நின்றது. தாளைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். என்னவோ யோசித்தார்.

"கொஞ்ச நாளைக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. ரெண்டு விரல். எல்லாம் முடிஞ்சு எழுந்து போறப்போ, 'சம்மந்தி மட்டும் இல்லாம இருந்திருந்தா சார்'னு சொன்னாரு. குடும்பத் தகராறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் எங்கள் தாளை மறுபடி கையில் எடுத்தார்.

"அவரு கொடுத்த தாள்ல என்ன சார் இருந்தது?" என்றாள் மகள்.

"கவனக்குறைவு" என்றார் அவர்.

பேனாவை எடுத்து, எங்கள் தாளில் மாப்பிள்ளை என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எப்போது வந்து பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை. வருவோம் என்றார். எந்த லைன், எத்தனை மிஷின், பட்டன் எந்தப் பக்கம் என்று கேட்டார். மகள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி, காற்றில் இடப்பக்கத்தைக் காட்டினாள். அந்த விரல் காட்டியது. நுனி இல்லாவிட்டாலும் ஆள்காட்டி விரல் எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டியது.

கம்பெனித் தாள் இன்னும் கையெழுத்தில்லாமல் எங்கள் வீட்டில் இருக்கிறது. சூப்பர்வைசர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கீபோர்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. அதன்மேல் இப்போது எனக்கு ஆசை எதுவும் இல்லை. கழுவப் போட்ட பாத்திரத்தைப் போல அது கிடக்கிறது. கம்பெனியோ அந்த அலுவலகமோ பதில் எழுதினால் அவள் மறுபடி சொல்வாள். நான் அடிக்க வேண்டியிருக்கும்.